டி.எஸ்.எல்.ஆர் நிகழ்படப்பிடிப்பு

டி.எஸ்.எல்.ஆர் நிகழ்படப்பிடிப்பு என்பது, ஒளிப்படம் எடுப்பதற்காக வடிவமைக்கப்பட்ட எண்ணிம ஒற்றைவில்லை எதிரொளிப்புப் படக்கருவியைக் கொண்டு நிகழ்படம் (வீடியோ) பதிவு செய்வதாகும். 2008ஆம் ஆண்டில் தொடங்கிய இம்முறை, குறைந்த செலவில் திரைப்படத்தை ஒத்த தோற்றத்தைத் தந்தமையால் மாணவர்கள், ஆவணப்பட இயக்குநர்கள், திருமணப் படப்பிடிப்பாளர்கள் ஆகியோரிடையே விரைவாகப் பரவியது. பின்னர் தமிழ்த் திரைப்படத்துறையிலும் இடம்பெற்றது. கையிலுள்ள பழைய கருவியுடன் தொடர்வதா, புதிய டி.எஸ்.எல்.ஆர் ஒன்றுக்கு மாறுவதா என்பது இதில் ஈடுபடுவோர் அனைவரும் ஒருமுறையேனும் எதிர்கொள்ளும் கேள்வி. அதற்கு விடைகாண உதவும் தொழில்நுட்பக் காரணங்கள் இங்கு விளக்கப்படுகின்றன. கடும் வெயில், முழு இருட்டு, ஈரப்பதம், தொலைதூரப் பயணம் ஆகிய சோதனைகள் அனைத்தும் ஒரே இடத்தில் அமைந்திருப்பதால், வட தமிழகத்தின் ஜவ்வாது மலை இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

அமைப்பு

டி.எஸ்.எல்.ஆர் படக்கருவியில் வில்லை வழியாக வரும் ஒளி, 45 பாகைச் சாய்வில் உள்ள ஓர் ஆடியில் பட்டு மேல்நோக்கித் திரும்புகிறது. அங்குள்ள பட்டகம் அவ்வுருவை நேராக்கிக் காட்சிகாணியில், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் துளையில், காட்டுகிறது. பொத்தானை அழுத்தும்போது ஆடி மேலே உயர்ந்து, ஒளி பின்னால் உள்ள உணரியை அடைகிறது. எடுக்கப்போகும் படத்தை அதே வில்லையின் வழியே பார்க்க முடிவதே இக்கருவியின் சிறப்பு.

நிகழ்படம் எடுக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. உணரி தொடர்ந்து ஒளியைப் பெறவேண்டியிருப்பதால், பதிவு முடியும்வரை ஆடி உயர்ந்தே நிற்கும். காட்சிகாணி இருண்டுவிடும். பின்புறத் திரையைப் பார்த்தே படமெடுக்க வேண்டும். ஆடியின் அடியில் இயங்கும் விரைவான தானியங்கிக் குவியமும் அப்போது பயன்படாது. ஆக, கருவிக்குப் பெயரையும் எடையையும் விலையின் ஒரு பகுதியையும் தருகின்ற ஆடி, பட்டகம், காட்சிகாணி ஆகிய மூன்றும் நிகழ்படத்தின்போது வேலையற்று இருக்கின்றன. நிகழ்படத்திற்காகப் புதிய டி.எஸ்.எல்.ஆர் வாங்க எண்ணுபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இதுவே.

வரலாறு

2008 ஆகஸ்டில் நிக்கான் நிறுவனம் அறிவித்த டி90, நிகழ்படம் எடுக்கவல்ல முதல் டி.எஸ்.எல்.ஆர் ஆகும். இது 1280×720 படவணுக்கள் கொண்ட நிகழ்படத்தை நொடிக்கு 24 சட்டகங்கள் வீதம் பதிவு செய்தது. ஒரு பதிவு அதிகபட்சம் ஐந்து நிமிடம். ஒலி ஒற்றைத் தடத்தில் மட்டும். அடுத்த மாதமே கேனான் நிறுவனம் ஈ.ஓ.எஸ் 5டி மார்க் 2 கருவியை அறிவித்தது. 36×24 மி.மீ. அளவுள்ள முழுச்சட்டக உணரியில் 1920×1080 படவணுக்கள் கொண்ட நிகழ்படத்தை இது பதிவு செய்தது. ஒளிப்படக் கலைஞர் வின்சென்ட் லாஃபோரே இக்கருவியால் எடுத்த 'ரெவெரி' என்னும் குறும்படம் அவ்வாண்டே இணையத்தில் வெளியாகிப் பரவலான கவனத்தைப் பெற்றது. 2010இல் 'ஹவுஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஆறாம் பருவ இறுதிப்பகுதி இதே கருவியால் எடுக்கப்பட்டது.

இந்தப் பரபரப்புக்குக் காரணம் உணரியின் பரப்பு. அக்காலத்தில் மாணவர்களுக்கு எட்டக்கூடிய நிகழ்படக் கருவிகளின் உணரி ஏறத்தாழ 4.8×3.6 மி.மீ. அளவே இருந்தது. அதில் முன்புறம், பின்புறம் எல்லாமே கூர்மையாகத் தெரியும். திரைப்படங்களில் காண்பதுபோல் ஒருவர் முகம் மட்டும் தெளிவாகவும் பின்னணி மங்கலாகவும் தோன்றப் பெரிய உணரி தேவை. 35 மி.மீ. திரைப்படச் சுருளின் சட்டகம் ஏறத்தாழ 25 மி.மீ. அகலமுடையது. கேனான் 7டி, 550டி போன்ற கருவிகளின் உணரி 22.3×14.9 மி.மீ.; அதாவது திரைப்படச் சட்டகத்திற்கு மிக நெருங்கிய அகலம். பல இலட்சம் ரூபாய் வாடகையில் கிடைத்த தோற்றம் தோளில் மாட்டும் பையில் அடங்கிவிட்டது.

ஆனால் முதல் தலைமுறைக் கருவிகளில் குறைகளும் மலிந்திருந்தன. 5டி மார்க் 2 தொடக்கத்தில் நொடிக்கு 30 சட்டகங்கள் மட்டுமே எடுத்தது. துளையளவையும் மூடுதிரை வேகத்தையும் பயனர் தீர்மானிக்க முடியவில்லை. 2009 ஜூனில் வெளியான நிலைபொருள் இற்றைப்படுத்தல் கைமுறைக் கட்டுப்பாட்டைத் தந்தது. 2010 மார்ச்சில் வெளியான மற்றொன்று 24, 25 சட்டகங்களையும், ஒலியளவைக் கையால் அமைக்கும் வசதியையும் சேர்த்தது. 7டி கருவிக்கு ஒலியளவுக் கட்டுப்பாடு 2012 ஆகஸ்டில்தான் கிடைத்தது. கருவி அதே கருவிதான். மாறியது மென்பொருள் மட்டுமே. புதிய கருவி வாங்குமுன், உள்ள கருவியின் நிலைபொருள் கடைசிப் பதிப்புதானா என்று பார்ப்பது செலவில்லாத முதற்படி.

தமிழ்த் திரைப்படத்தில்

இந்தியாவில் 2011ஆம் ஆண்டு இம்முறைக்குத் திருப்புமுனையாக அமைந்தது. இராம் கோபால் வர்மாவின் 'தொங்கல முத்தா' என்னும் தெலுங்குப் படம் கேனான் 5டி கருவிகளைக் கொண்டு ஐந்து நாட்களில் எடுக்கப்பட்டது. அமோல் குப்தேயின் 'ஸ்டான்லி கா டப்பா' என்னும் இந்திப் படமும் 'சாப்பா குரிசு' என்னும் மலையாளப் படமும் 7டி கருவியால் எடுக்கப்பட்டவை.

தமிழில் குறிப்பிடத்தக்கது, பாலாஜி சக்திவேல் இயக்கி 2012 மே மாதம் வெளியான 'வழக்கு எண் 18/9'. ஒளிப்பதிவாளர் விஜய் மில்டன் இப்படத்தை 7டி கருவியால் எடுத்தார். 60ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படத்திற்கான விருதை இது பெற்றது. படம் வெளியானபோது 7டி சந்தைக்கு வந்து இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைவிட உயர்ந்த 5டி மார்க் 3 அவ்வாண்டு மார்ச்சிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. 7டியின் 1920×1080 படம், எண்ணிமத் திரையரங்குகளின் 2கே தரத்துக்குரிய 2048×1080 அளவுக்கு அருகில் இருந்தது என்பதால் பெருந்திரையில் குறை துருத்தவில்லை. நடைபாதைக் கடையும் தெருவும் களமாக உள்ள கதைக்குச் சிறிய கருவி பொருந்தியது எனலாம். கைப்பேசியில் திருட்டுத்தனமாக எடுக்கப்படும் காட்சியே அக்கதையின் திருப்பம் என்பது ஒரு சுவையான ஒற்றுமை.

குறைகளும் அவற்றின் காரணங்களும்

உணரியில் உள்ள படவணுக்கள் நிகழ்படத்துக்குத் தேவையானதைவிட மிக அதிகம். 5டி மார்க் 2இன் உணரியில் அகலவாக்கில் 5616 படவணுக்கள் உள்ளன. நிகழ்படத்துக்கு வேண்டியதோ 1920. நொடிக்கு 25 முறை உணரி முழுவதையும் படிக்கும் ஆற்றல் அன்றைய செயலிகளுக்கு இல்லை. ஆகவே ஏறத்தாழ மூன்று வரிக்கு ஒரு வரியை மட்டும் படித்து, மற்றவை விடப்பட்டன. இதனால் ஓட்டுக்கூரை, கீற்றுப்பின்னல், நுண்கட்டம் போட்ட சேலை போன்றவற்றின் மீது இல்லாத வண்ண அலைகள் நெளிவதைக் காணலாம். இது வில்லையின் குறையன்று. வில்லையை மாற்றினாலும் போகாது. 5டி மார்க் 3இல் இக்குறை பெருமளவு களையப்பட்டது.

அடுத்தது உருள் மூடுதிரை விளைவு. உணரி மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கப்படுவதால், முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே ஏறத்தாழ 20 முதல் 30 மில்லிநொடி கடந்துவிடுகிறது. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் செல்லும் பேருந்து ஒரு நொடியில் 10 மீட்டர் நகரும். 25 மில்லிநொடியில் 25 செ.மீ. நகரும். சன்னலோரம் கடக்கும் மின்கம்பம் சட்டகத்தின் உச்சிக்கும் அடிக்கும் இடையே கால் மீட்டர் சாய்ந்து தெரிவது இதனால்தான். கையில் வைத்து எடுக்கும்போது படம் கூழ்போல் ஆடுவதற்கும் இதுவே காரணம். பின்னதற்கு முக்காலி போதும். முன்னதற்கு விரைவாகப் படிக்கும் உணரி வேண்டும்.

பதிவின் நீளமும் ஒரு தடை. அக்கால நினைவக அட்டைகளின் கோப்பு முறைமை 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. 7டி போன்ற கருவிகளில் இது ஏறத்தாழ 12 நிமிடத்தில் நிரம்பிப் பதிவு நின்றுவிடும். 2012க்குப் பின் வந்த கருவிகள் பல தாமாகவே அடுத்த கோப்பைத் தொடங்கின. ஆயினும் 29 நிமிடம் 59 நொடி என்னும் எல்லை நீண்டகாலம் நீடித்தது. முப்பது நிமிடம் பதிவு செய்யும் கருவி நிகழ்படக் கருவியாகக் கருதப்பட்டு, ஐரோப்பாவில் கூடுதல் சுங்க வரிக்கு உள்ளானது என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். பொறியியல் காரணம் என்று பலரும் எண்ணிக்கொண்டிருந்த ஒன்று வரிச்சட்டத்தால் வந்தது.

வண்ணத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலான டி.எஸ்.எல்.ஆர் கருவிகள் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 8 பிட்டு, அதாவது 256 படிநிலைகளே பதிவு செய்கின்றன. 10 பிட்டில் இது 1024. எடுத்தபடியே காட்டும் படத்துக்கு 8 பிட்டு போதும். அந்தி வானத்தின் நிறத்தைப் பின்னர் கணினியில் பெரிதும் மாற்ற முயன்றால் வானம் படிக்கட்டுப் படிக்கட்டாகப் பிரிந்து தெரியும்.

மேஜிக் லாண்டர்ன்

கருவியை மாற்றாமல் அதன் ஆற்றலை மாற்றிய கட்டற்ற மென்பொருள் மேஜிக் லாண்டர்ன். டிரம்மெல் ஹட்சன் என்னும் நிரலர் 2009இல் 5டி மார்க் 2 கருவிக்காக இதைத் தொடங்கினார். நினைவக அட்டையில் இருந்து இயங்கும் இது, கேனானின் நிலைபொருளோடு சேர்ந்து செயற்படுகிறது. ஒலியளவு காட்டி, குவியம் எங்குள்ளது எனக் காட்டும் வண்ணக் கோடுகள், மிகை ஒளி எச்சரிக்கை, குறித்த இடைவெளியில் தானாகப் படமெடுத்தல் முதலிய வசதிகளை இது சேர்த்தது.

2013ஆம் ஆண்டு மே மாதம் இத்திட்டத்தினர் ஒடுக்கப்படாத 14 பிட்டு நிகழ்படத்தை 5டி மார்க் 3இல் பதிவு செய்து காட்டினர். ஒரு சட்டகத்தில் 1920×1080 படவணுக்கள், படவணு ஒன்றுக்கு 14 பிட்டு, நொடிக்கு 25 சட்டகங்கள் எனக் கணக்கிட்டால் நொடிக்கு ஏறத்தாழ 90 மெகாபைட் எழுதவேண்டும். 5டி மார்க் 3இன் விரைவான அட்டைத் துளையால் இது இயன்றது. 600டி போன்ற கருவிகளின் அட்டைத் துளை நொடிக்கு ஏறத்தாழ 20 மெகாபைட் வேகமே கொண்டதால், அங்கு இவ்வளவு பெரிய படம் இயலாது. இம்மென்பொருள் தயாரிப்பாளரின் ஒப்புதல் பெற்றதன்று. கருவி பழுதானால் பொறுப்பு பயனரையே சேரும். உத்தரவாதக் காலம் கடந்த பழைய கருவிக்கே இது ஏற்றது.

ஜவ்வாது மலை: ஓர் எடுத்துக்காட்டு

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. இங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயர் அவ்வாறிருப்பினும் இவர்கள் தமிழ் பேசுபவர்கள். சாமை முதலிய சிறுதானியச் சாகுபடி, பலா, புளி, முன்பு புகழ்பெற்றிருந்த சந்தனக்காடு, சமுனாமரத்தூர் அருகேயுள்ள பீமன் அருவி ஆகியவை ஆவணப்படம் எடுக்க வருவோரை ஈர்ப்பவை. ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், 725 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. நகர ஒளி குறைந்த இருண்ட வானமும், நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தெற்கு வானின் பெரும்பகுதி தெரிவதும் இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணங்கள். பழைய டி.எஸ்.எல்.ஆர் ஒன்றுடன் இம்மலைக்குச் செல்பவர் எதிர்கொள்ளும் நான்கு நிலைகளைப் பார்க்கலாம்.

நண்பகல் வயல். நொடிக்கு 25 சட்டகங்கள் எடுக்கும்போது மூடுதிரை வேகம் 1/50 நொடியாக இருந்தால் அசைவு இயல்பாகத் தோன்றும். ஐ.எஸ்.ஓ 100 என வைத்து, முழு வெயிலில் 1/50 நொடிக்குத் துளையளவு ஏறத்தாழ எஃப்/22 ஆகிவிடும். அந்நிலையில் பெரிய உணரியின் பயனாகிய மங்கலான பின்னணி கிடைக்காது. எஃப்/2.8 வைக்கவேண்டுமெனில் ஒளியை ஆறு படி, அதாவது 64 மடங்கு குறைக்க வேண்டும். இதற்குத் தேவை வில்லையின் முன் மாட்டும் ஒரு கறுப்புக் கண்ணாடி வடிகட்டி (என்.டி. வடிகட்டி) மட்டுமே. புதிய கருவி வாங்கியவருக்கும் இதே வடிகட்டி தேவைப்படும். வெயிலில் பின்புறத் திரை கண்ணுக்குப் புலப்படாமை இன்னொரு இடர். திரையின்மேல் பொருத்தும் உருப்பெருக்கிக் கூண்டு டி.எஸ்.எல்.ஆரில் இதற்கு ஒரு வழி.

வீட்டினுள் நேர்காணல். மலைவீடுகளில் சன்னல் சிறிது, விளக்கு ஒன்று. உடன்வரும் 18-55 மி.மீ. வில்லை 55 மி.மீ. நிலையில் எஃப்/5.6 ஒளியையே விடும். 50 மி.மீ. எஃப்/1.8 வில்லை ஏறத்தாழ பத்து மடங்கு ஒளி தரும். புதிய உடற்பகுதி ஒன்றால் உணர்திறன் இரு மடங்கோ நான்கு மடங்கோ கூடலாம். வில்லையின் பத்து மடங்கை அது எட்டுவதில்லை. இந்தியாவின் மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் குழல்விளக்குகளும் மலிவான எல்.ஈ.டி. விளக்குகளும் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. 1/50 நொடியில் இரண்டு மினுக்கங்கள் முழுமையாக அடங்குவதால் படம் சீராக இருக்கும். 1/60 வைத்தால் திரையில் கருங்கோடுகள் ஊர்ந்துசெல்லும். பட்டியலில் 'பால்' முறையைத் தேர்ந்தெடுத்தாலே 25 சட்டகங்கள் கிடைக்கும். கருவி பழுதென்று கருதப்படும் மினுக்கம் பலமுறை இந்த ஓர் அமைப்பால் சரியாகிவிடுகிறது.

நேர்காணலில் உண்மையான இழப்பு ஒலியிலும் நீளத்திலும் ஏற்படுகிறது. ஒலியளவைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் கருவியில், பேசுபவர் சற்று நிறுத்தும் போதெல்லாம் காற்றும் கோழியின் குரலும் உரத்துப் பொங்கும். தனி ஒலிப்பதிவுக் கருவியும் சட்டையில் குத்தும் ஒலிவாங்கியும் இதைத் தீர்க்கும். பழைய பாடலையோ சடங்கையோ நினைவிலிருந்து சொல்லும் முதியவர் ஒருவரை, 12ஆம் நிமிடத்தில் கருவி நின்றதற்காக மீண்டும் முதலிலிருந்து சொல்லுங்கள் எனக் கேட்க முடியாது. கேட்டாலும் அதே சொல் வராது. ஒலி தனியே ஓடிக்கொண்டிருந்தால் படத்தில் விழும் இடைவெளியை வேறு காட்சியால் மறைக்கலாம். நீண்ட வாய்மொழிப் பதிவுகளையே முதன்மையாகச் செய்பவருக்குக் கருவி மாற்றம் நியாயமானது. அவருக்குக்கூடத் தேவை, நில்லாமல் பதியும் கருவி, 4கே அன்று.

காடும் அருவியும். காட்டில் நடந்துசெல்பவரைத் தொடர்ந்து எடுக்கும்போது குவியம் தவறுவதே பெரிய குறை. பழைய கருவிகள் நிகழ்படத்தின்போது மாறுபாட்டை ஒப்பிட்டே குவியம் தேடின; முன்னும் பின்னும் அலைந்து நிற்கும். 2013இல் வந்த கேனான் 70டி, உணரியின் ஒவ்வொரு படவணுவையும் இரண்டாகப் பிரித்து, ஆடியின் துணையின்றியே குவிய வேறுபாட்டை அளந்தது. தனியாகப் படமெடுப்பவருக்கு இது பயனுள்ள முன்னேற்றம். வில்லையாலோ முக்காலியாலோ ஈடுசெய்ய இயலாதது. 5டி மார்க் 2 போன்ற கருவியின் மின்கலம் நிகழ்படத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே நிற்கும் என்பதால், மலைக்குச் செல்வோர் மின்கலங்களின் எண்ணிக்கையைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் வில்லையினுள் பூஞ்சை படரும். காற்றுப்புகாப் பெட்டியும் சிலிக்கா கூழும் அவசியம். காப்புக்காட்டினுள் படமெடுக்க வனத்துறையின் அனுமதி தேவை.

இரவு வானம். இங்கே கணக்கு வேறு. பால்வழியை ஒளிப்படமாக எடுக்க 25 நொடி ஒளியேற்றம் தரலாம். நிகழ்படத்தில் ஒரு சட்டகத்துக்கு அதிகபட்சம் 1/25 நொடியே கிடைக்கும். அதாவது 625 மடங்கு குறைவான ஒளி. பழைய டி.எஸ்.எல்.ஆரை விட்டுப் புதிய டி.எஸ்.எல்.ஆர் வாங்கினாலும் இப்பள்ளம் நிரம்பாது. மாற்றுவழி, ஒளிப்படங்களை அடுக்கிச் செய்யும் காலச்சுருக்கப் படம். 25 நொடி ஒளியேற்றம், 5 நொடி இடைவெளி என வைத்தால் 10 நொடிக் காட்சிக்கு 250 படங்கள். எடுக்கும் நேரம் 2 மணி 5 நிமிடம். ஒன்றரை இலட்சம் முறை இயங்குமெனத் தயாரிப்பாளர் மதிப்பிட்ட 7டியின் மூடுதிரைக்கு 250 முறை ஒரு பொருட்டன்று. முழு உணரியும் பயன்படுவதால், நிகழ்படமே எடுக்கத் தெரியாத பழைய டி.எஸ்.எல்.ஆர்கள் சிலகூட 4கே அளவினும் பெரிய காட்சியைத் தந்துவிடும். வானாய்வகத்தின் அருகில் கைவிளக்கு, வாகன ஒளி ஆகியவற்றைத் தவிர்ப்பது ஆய்வாளர்களுக்குச் செய்யும் உதவி.

வானியலில் அசையும் பதிவுக்கென்று தனிப்பயன் உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, காவலூரின் 102 செ.மீ. தொலைநோக்கியில் அவ்விண்மீனின் ஒளி தொடர்ச்சியாக அளந்து பதியப்பட்டது. கோள் மறைக்கும் முன்பே சில நொடிகள் ஒளி குறைந்தது பதிவில் தெரிந்தது. வேறு இடங்களில் இருந்து கிடைத்த பதிவுகளோடு சேர்ந்து, யுரேனசின் வளையங்கள் கண்டறியப்பட இது உதவியது. நீண்ட ஒளியேற்றம் தந்த ஒளிப்படத் தகட்டில் அச்சிறு மறைப்பு கரைந்துபோயிருக்கும்.

கோள்களை எடுக்கும் இக்கால ஆர்வலர்கள் இதே காரணத்துக்காக நிகழ்படத்தை நாடுகின்றனர். காற்றின் அசைவால் உருவம் நடுங்கும்போது ஆயிரக்கணக்கான சட்டகங்களை எடுத்து, தெளிவானவற்றை மட்டும் கணினியில் தேர்ந்து அடுக்குவர். இதற்கு 550டி, 60டி ஆகியவற்றில் உள்ள 640×480 வெட்டுமுறை வசதியானது. அது உணரியின் நடுப்பகுதியை வரி விடாமல் படிக்கிறது. நொடிக்கு 50 அல்லது 60 சட்டகங்கள் தருகிறது. பின்னர் வந்த விலையுயர்ந்த கருவிகள் பலவற்றில் இவ்வசதி இல்லை. வியாழனை எடுக்க விரும்புபவருக்கு 2010ஆம் ஆண்டின் மலிவான கருவி மேலானதாக அமைவது இவ்வாறுதான்.

4கே நிகழ்படத்தின் துணைச்செலவு

டி.எஸ்.எல்.ஆர் கருவிகளில் 4கே நிகழ்படம் 2012இன் கேனான் 1டி சி கருவியில் தொடங்கி, 2016இல் நிக்கான் டி500, கேனான் 5டி மார்க் 4 ஆகியவற்றில் பரவியது. 5டி மார்க் 4 தன் 4கே நிகழ்படத்துக்கு உணரியின் நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்துவதால், அகலக்கோண வில்லை குறுகிய கோணமாகிவிடுகிறது. சிறிய வீட்டினுள் எடுப்பவருக்கு இது பெரிய இடையூறு. தரவு வீதம் நொடிக்கு ஏறத்தாழ 500 மெகாபிட்டு. ஒரு நிமிடத்துக்கு 3.75 கிகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 225 கிகாபைட். 64 கிகாபைட் அட்டை பதினேழு நிமிடத்தில் நிரம்பும். அட்டைகள், இரட்டைப் படியாக வைக்கும் வன்தட்டுகள், திருத்துவதற்கேற்ற கணினி ஆகியவற்றின் செலவைக் கருவியின் விலையோடு கூட்டாமல் முடிவெடுப்பது கணக்காகாது. முடிவில் படம் 1920×1080 திரையிலோ கைப்பேசியிலோ காணப்படப்போகிறதெனில், 4கேயின் பயன் பெரும்பாலும் திருத்தும்போது சட்டகத்தை வெட்டிக்கொள்ளும் உரிமை மட்டுமே.

இன்றைய நிலை

ஆடியை நீக்கிய, வில்லை மாற்றத்தக்க படக்கருவிகள் 2008இல் பானசோனிக் ஜி1 மூலம் சந்தைக்கு வந்தன. அடுத்த ஆண்டின் ஜிஎச்1 நிகழ்படத்தை முதன்மையாகக் கொண்டது. 2014இல் பானசோனிக் ஜிஎச்4, கருவிக்குள்ளேயே 4கே பதிவு செய்தது. அதே ஆண்டு வந்த சோனி ஏ7எஸ், 12 மெகாபடவணு மட்டுமே கொண்ட முழுச்சட்டக உணரியால் இருட்டில் சிறந்து விளங்கியது. ஒளிமிக்க வில்லையுடன் பால்வழியை நேரடி நிகழ்படமாகவே எடுக்க வழிகாட்டியது இவ்வகைக் கருவிதான். இவற்றில் காட்சிகாணியே ஒரு சிறு மின்திரை என்பதால், வெயிலிலும் நிகழ்படத்தைக் கண்ணை வைத்துப் பார்த்து எடுக்கலாம்.

கேனானும் நிக்கானும் 2018இல் தம் முழுச்சட்டக ஆடியற்ற வரிசைகளைத் தொடங்கின. கேனானின் 1டி எக்ஸ் மார்க் 3, 850டி, நிக்கானின் டி780, டி6 ஆகியவை 2020இல் வெளியாயின. 1டி எக்ஸ் மார்க் 3 தன் வரிசையின் கடைசி டி.எஸ்.எல்.ஆராக இருக்கும் எனக் கேனானின் தலைவர் 2021இல் தெரிவித்தார். பென்டாக்ஸ் மட்டுமே அதன் பின்னும் புதிய டி.எஸ்.எல்.ஆர் கருவிகளை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் கவனம் ஒளிப்படத்தின் மீதே உள்ளது. எனவே நிகழ்படத்துக்காகப் புதிய டி.எஸ்.எல்.ஆர் என்பது, ஒளிப்படத்தையும் சம அளவில் எடுப்பவருக்கோ, அவ்வகை வில்லைகளை ஏற்கெனவே நிறைய வைத்திருப்பவருக்கோ மட்டுமே பொருளுடையது.

வில்லைகள் வைத்திருப்பவர்களுக்கும் இணைப்பிகள் உள்ளன. கேனானின் ஈ.எஃப் வில்லைகள் ஆர் வரிசைக் கருவிகளில் கேனானின் இணைப்பி வழியாகத் தானியங்கிக் குவியத்துடன் இயங்கும். நிக்கானின் எஃப்.டி.இசட் இணைப்பியில் மோட்டார் பொருத்திய வில்லைகள் மட்டுமே தானாகக் குவியும். கருவியின் உள்ளிருக்கும் திருகால் இயக்கப்படும் பழைய ஏ.எஃப், ஏ.எஃப்-டி வில்லைகளைக் கையால்தான் குவிக்க வேண்டும்.